நீலச் சரிக்குத் தாடி கொடுத்த கதை

நான் ஒரு பயந்த மனிதன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டுவிடுவீர்களோ என்ற பயமும் இதில் கொஞ்சம் இருக்கிறது. மழை வந்தால் கூரையை நினைத்துப் பயம். மழை வராவிட்டால் கிணற்றை நினைத்துப் பயம். இரண்டும் ஒழுங்காக இருந்தால், ஏன் எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று பயம். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டு நிலைமைதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி, ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்த வாத்தியார்.

பயந்தவனுக்கு ஏற்ற தொழில் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அது மீன்பிடிப் படகுகளின் இஞ்சின் திருத்துவது. உப்புவெளி என்ற கடற்கரை ஊரில் வீட்டோடு ஒட்டிய ஒரு தகரக் கொட்டிலில் இந்த வேலையைத்தான் செய்துவருகிறேன். ஒரு நட்டை இறுக்குவேன். இறுக்கினேனா என்று திரும்பப் பார்ப்பேன். இஞ்சினைக் கொண்டுபோனவர் கடற்கரைக்குப் போய்ச் சேருமுன் பின்னாலே சைக்கிளில் போய் இன்னொரு தடவை பார்ப்பேன். நடுக்கடலில் இஞ்சின் நின்றால் இறங்கித் தள்ள முடியாது அல்லவா? மற்ற மெக்கானிக்குகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். கடலுக்குப் போகிறவர்கள் சிரிப்பதில்லை.

என் மகள் தர்சினி கம்பஸில் படிக்கிறாள். (என் முகத்தையும் தாயின் துணிச்சலையும் எடுத்துக்கொண்டு பிறந்த பிள்ளை. மாறி எடுத்திருந்தால் வீட்டில் இரண்டு பேர் கட்டிலுக்கடியில் இருந்திருப்போம்.) அவள்தான் ஒரு விடுமுறைக்கு வந்தபோது, நான் ஒரு இஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதைப் போனில் படம் எடுத்து, 'சீலன் இஞ்சின் வேலை' என்று சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டாள். என் பெயர் சீலன். அப்போதே என் தாடி நெஞ்சு வரை இருந்தது. பக்கத்தின் முகப்புப் படத்தில் பாதி தாடி, மீதி நான்.

மன்னாரிலிருந்து பொத்துவில் வரை கடற்தொழிலாளர்கள் அதைப் பார்க்கத் தொடங்கினார்கள். நோர்வேயிலும் கனடாவிலும் இருந்து படகே இல்லாத ஆட்களும் பார்த்தார்கள். எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இஞ்சினுக்குப் பொறி தருகிற பிளக்கை எப்படித் துடைப்பது, உப்புத் தண்ணீர் உள்ளே போனால் என்ன செய்வது, கரையை விட்டு வெளிக்கிட முதல் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். யாராவது ஒருவர், "அண்ணை, நீங்கள் சொன்னபடி செய்தனான், இஞ்சின் பிடிச்சிட்டுது" என்று எழுதினால், அன்று முழுக்க எனக்குப் பசி இருக்காது. பள்ளிக்கூடத்தில் என் கொப்பியில் சிவப்புப் பேனையால் சரி விழுந்தது குறைவு. அந்தக் குறை அப்படித்தான் ஆறியது.

இப்படி நிம்மதியாக இருந்ததே எனக்கு ஒரு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

ஒருநாள் காலை படலையடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பின் சீற்றில் ஒரு இஞ்சின் மனிதரைப் போலச் சாய்ந்து இருந்தது. அதைக் கட்டிப்பிடித்தபடி குறிஞ்சாக்கேணி நசீர் நானா. (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம்.) அவர் என் பழைய வாடிக்கைக்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அன்று இறங்கும்போதே குரல் அதிர்ந்தது.

"தம்பி! நீங்க சொன்ன மாதிரியே செஞ்சன். இப்ப இது கிடக்கிற கிடையப் பாருங்க!"

"நான் என்ன சொன்னனான் நானா?"

"பிளக்கக் கழட்டி ராவு முழுக்கத் தேங்காய் எண்ணெயில ஊறப் போடச் சொன்னீங்களே!"

 தேங்காய் எண்ணெயில் ஊறப்போடுவதற்கு அது என்ன, கருவேப்பிலையா?

அவர் போனை நீட்டினார். என் படம். என் தாடி. நான் கொட்டிலில் நின்று பிளக் துடைக்கிற என்னுடைய வீடியோ. ஆனால் என் குரலுக்குப் பதிலாக ஒரு துள்ளல் பாட்டு. அதன் மேலே பெரிய எழுத்தில், நான் கனவிலும் சொல்லாத புத்திமதிகள். பக்கத்தின் பெயரும் அதே 'சீலன் இஞ்சின் வேலை'தான். யாரோ ஒரு புண்ணியவான் என் பக்கத்துக்கு ஒரு இரட்டைப் பிள்ளை பெற்று வைத்திருந்தான்.

"இது நானில்லை நானா."

"ஒங்கட தாடிதானே இது?"

"தாடி என்ரதான். கதை என்ரயில்லை."

நசீர் நானா என்னையும் போனையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார், "நான் கரையில வெச்சு இழுத்துப் பார்த்தபடியாத் தப்பிட்டன் தம்பி. நம்பிக் கடலுக்கு எடுத்துப் போயிருந்தா?"

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். கேள்வி என்னோடு தங்கிவிட்டது. கண்ணை மூடினால், யாரோ முகம் தெரியாத ஒருவர் என் பெயரை நம்பி, நடுக்கடலில் எண்ணெய் வழியும் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "சீலன் அண்ணை சொன்னவர்" என்று வானத்தைப் பார்ப்பது தெரியும். அந்தக் கள்ளப் பக்கத்தைப் பற்றி முறைப்பாடு செய்தோம். பதில் வரவில்லை. நான் என் பக்கத்தில் "அது நானில்லை" என்று போட்டேன். அவனும் "அது நானில்லை" என்று போட்டான். என்னுடையதைவிட அவனுடையதற்கு விருப்பம் கூட விழுந்தது.

"அப்பா, புளூ டிக் எடுத்தால்தான் இதுக்கு ஒரு முடிவு வரும்" என்றாள் தர்சினி கம்பஸில் இருந்து போனில். "பேருக்குப் பக்கத்தில ஒரு நீலச் சரி வரும். அது இருந்தால் உறுதிப்படுத்தின ஆள் எண்டு அர்த்தம். மாதாமாதம் கட்டுற காசை நான் பார்க்கிறன்."

உறுதிப்படுத்துவதா? இந்த நாட்டில் பிறந்த எனக்கு உறுதிப்படுத்துவது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு நேரே கிராம சேவகரிடம் போனேன்.

"ஐயா, நான் நான்தான் எண்டு ஒரு கடிதம் வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆருக்கு விலாசம் போடுறது, சீலன்?"

"கொம்பனிக்கு ஐயா."

"கொம்பனி எங்க இருக்குது?"

"அமெரிக்காவிலயாக்கும்."

"அமெரிக்கா என்ர பிரிவுக்குள்ள வராது" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். 'மேற்படி சீலன் எனது பிரிவில் வசிப்பவர், நன்னடத்தை உடையவர், தாடி வைத்திருப்பவர்' என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார். (தாடியைச் சேர்க்கச் சொன்னது நான்தான். அதற்குரிய தண்டனை பிறகு கிடைத்தது.) அதைக் கொண்டுபோய்ச் சமாதான நீதவான் ஒருவரிடம் இன்னொரு முத்திரை வாங்கினேன். நகரத்துக்குப் போய்ப் போட்டோக்கொப்பி எடுத்தேன். எங்கள் நகரத்தில் மாடு போல மான் தெருவில் திரியும்; பஸ் நிலையத்தடியில் ஒன்று அதன் மூலையைக் கடித்துத் தின்றுவிட்டது. திரும்பப் போய் இன்னொன்று எடுத்தேன்.

எல்லாவற்றையும் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். அவள் உடனே எடுத்தாள்.

"அப்பா, இதொண்டும் தேவையில்லை. ஐடென்டிக் காட்டைப் படம் எடுத்து, முகத்தை வீடியோ எடுத்து அனுப்பினாச் சரி."

"சீல் வேண்டாமோ?"

"வேண்டாம்."

"சீல் இல்லாமல் அவன் எப்பிடி நம்புவான் பிள்ளை?"

"ஐடென்டியில இருக்கிற முகத்தையும் உங்கட முகத்தையும் கொம்பியூட்டர் வைச்சுப் பார்க்கும் அப்பா. ரெண்டும் ஒண்டெண்டால் நம்பும்."

நான் அலுமாரியைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தேன். எடுத்தவன் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன்.

எங்கள் காலத்தில் பதினாறு வயதில் அடையாள அட்டை எடுத்தால், அதுவே ஆயுளுக்கும். என்னுடையதில் இருந்தது, கன்னம் ஒட்டின ஒரு பெடியன். ஸ்ரூடியோக்காரர் ஈரச் சீப்பால் பக்கவாட்டில் வாரிவிட்ட தலைமயிர், நெற்றியில் ஒரு குருவிக்கூடு. மேலுதட்டில் எறும்பு ஊர்ந்து போன தடம் போல ஒரு மீசை. காது இரண்டும் கதவு திறந்ததுபோல் வெளியே. இந்தப் பக்கத்தில் நான்: நெஞ்சு வரை நரை கலந்த தாடி, தலையின் உச்சி வெளிச்சம், கழுத்து எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கண்ணில் உள்ள பயம் மட்டும்தான்.

ஆனாலும் அனுப்பிப் பார்த்தேன். பொருந்தவில்லை என்று வந்தது. யன்னலைத் திறந்து வெளிச்சத்தில் நின்று மறுபடி அனுப்பினேன். பொருந்தவில்லை.

"இன்னொருக்காலும் பிழைச்சால் கொஞ்ச நாளைக்குப் பூட்டிப்போடுவினமாம்" என்றாள் தர்சினி.

"ஆரை? என்னையோ?"

"உங்களை இல்லை அப்பா, விண்ணப்பத்தை. பேசாமல் புது ஐடென்டி ஒண்டு எடுங்கோவன்."

புது அட்டை வர நாள் எடுக்கும். அதற்குள் எத்தனை பிளக் எண்ணெயில் ஊறிவிடும்! கொட்டிலுக்குள் முன்னும் பின்னும் நடந்தேன். அப்போதுதான் என் எட்டாம் வகுப்பு மூளையில் அந்த வெளிச்சம் அடித்தது. அட்டையை முகத்துக்கு ஏற்றபடி மாற்றத்தானே நாள் எடுக்கும்? முகத்தை அட்டைக்கு ஏற்றபடி மாற்ற அரை மணித்தியாலம் போதுமே!

(இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் அப்போது என்னைவிட்டால் ஆளில்லை என்றுதான் நினைத்தேன்.)

சந்தியில் ராசுவின் சலூன். நான் போய்க் கதிரையில் இருந்து, அடையாள அட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன்.

"ராசு, இந்த ஆளைப்போல வெட்டு."

ராசு அட்டையை எடுத்துப் பார்த்தான். "ஆரண்ணை இது? ஊரில காணேல்லை."

"நான்தான்."

அவன் என்னைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "அண்ணை, நான் மயிர்தான் வெட்டுறனான். இதுக்கு இருபது கிலோ இறைச்சியும் வெட்ட வேண்டி வருமே!"

சுவரோரத்து வாங்கில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் ஊரில் சலூனுக்கு வருகிற எல்லோருக்கும் மற்றவனுடைய தலையில் ஒரு பங்கு உண்டு.

"மேல மயிர் இல்லையே தம்பி. பின்னுக்குக் கிடக்கிறதை இழுத்து முன்னுக்குக் கொண்டு வா. மை பூசினாத் தெரியாது."

"மீசை?" என்றான் ராசு.

"மீசையை வழிச்சுப்போட்டு, மை தொட்டு ஒரு கோடு கீறு. படத்தில கோடுதானே இருக்கு. காதையும் கொஞ்சம் வெளியில இழுத்துவிடு."

"காதை எப்பிடி ஐயா இழுத்துவிடுறது?"

"பக்கத்து மயிரை ஒட்ட வெட்டு. காது தானா வெளிக்கிடும்."

தாடி கொத்துக்கொத்தாக மடியில் விழுந்தது. எனக்குக் கலியாணமாக முதலே வளர்ந்த தாடி. ராசு கடைசியாகத் துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டபோது, கண்ணாடியில் என்னைப் பார்த்தது பதினாறு வயதுப் பெடியன் அல்ல. அந்தப் பெடியனை நன்றாகக் குளவி கொட்டியிருந்தது. அவ்வளவுதான்.

"உரிச்சு வைச்சிருக்கு!" என்றார் தபால்காரர்.

அந்த ஒரு சொல்லை நம்பி வீட்டுக்கு ஓடினேன். தாடி திரும்ப முளைத்துவிடுமோ என்ற அவசரம். மையும் வியர்வைக்கு மேலுதட்டில் இறங்கத் தொடங்கியிருந்தது.

வீட்டில் யாருமில்லை. மனைவி வசந்தி மீன் வாங்கப் போயிருந்தாள். படத்தில் இருந்ததைப் போல ஒரு வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டேன். வயிற்றடியில் தெறி பூட்டவில்லை, வீடியோவில் வயிறு வராதுதானே. விறாந்தை யன்னலுக்கு நேரே கதிரையைப் போட்டு, வாசல் வலது தோளுக்குப் பின்னால் வர இருந்து, போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்தேன். திரையில் ஒரு வட்டம் வந்தது. முகத்தை வட்டத்துக்குள் வை என்றது. வைத்தேன். இடது பக்கம் திரும்பு. திரும்பினேன். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். கடலில் உள்ள அத்தனை பேரின் பிளக்கும் இந்தக் கழுத்தில்தான் தொங்குகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு வலது பக்கம் திரும்பினேன்.

வலது பக்கம் வாசலில் வசந்தி நின்றாள்.

நல்ல வெயிலில் இருந்து உள்ளே வந்தவள். கையில் மீன் பை. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தன் வீட்டு விறாந்தையில், தெறி பூட்டாத சேட்டோடு, மை வழியும் உதடும் மழுங்கின கன்னமுமாக முன்பின் தெரியாத ஒருத்தன் இருந்து, கழுத்தை ஒரு மாதிரித் திருப்பித் தன்னை முறைக்கிறான். அவளைக் குறை சொல்ல ஏலாது. கலியாணத்துக்கே தாடியோடு போனவன் நான். தாடிக்குள் கிடந்த என் நாடியை, அதாவது முகவாய்க்கட்டையை, அவள் வாழ்க்கையில் கண்டதில்லை.

"ஐயோ! ஆர்ரா நீ?"

நான் வாயைத் திறந்து "நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் முகம் மாறும், முகம் மாறினால் பொருந்தாது, பொருந்தாவிட்டால் பூட்டிவிடுவார்கள். திரை என்னை மேலே பார்க்கச் சொன்னது. நான் மேலே பார்த்தேன்.

"கேட்க மேல பார்க்கிறான்! கஞ்சாவோ என்னவோ அடிச்சிருக்கிறான்! ஓடி வாங்கோ எல்லாரும்!"

முதலில் மீன் பை முதுகில் விழுந்தது. பிறகு மூலையில் நின்ற, வீடு கூட்டுகிற தும்புத்தடி அவள் கைக்குப் போனது. திரை கீழே பார்க்கச் சொன்னது. கீழே பார்த்தேன். அடி. நேரே பார்க்கச் சொன்னது. பார்த்தேன். அடி. கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அதற்கு எந்த முயற்சியும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் படலைக்குள் வந்து நின்று, "விடாதை வசந்தி, விடாதை, சீலனுக்குப் போன் பண்ணுறம்" என்று கத்தினார்கள். உண்மையாகவே பண்ணினார்கள். பூச்சாடியில் இருந்த என் போன் மணியடிக்கத் தொடங்க, திரையில் 'நன்றி' என்று வந்து வட்டம் மறைந்தது.

"வசந்தி, போதுமப்பா. முடிஞ்சுது" என்றேன்.

தும்புத்தடி அந்தரத்தில் நின்றது. குரலைக் கேட்டுவிட்டு அவள் கிட்ட வந்து, குனிந்து, என் கண்ணைப் பார்த்தாள்.

"என்ர கடவுளே" என்றாள். "உங்களுக்கு நாடியே இல்லை."

நீலச் சரி கிடைத்துவிட்டது. அடுத்த நாள் விடியவே. அடி வாங்கிய கண்ணில் இருந்த பயம் அட்டையில் இருந்த பயத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியிருக்க வேண்டும் என்பது தர்சினியின் கருத்து. முகப்புப் படமும் உறுதிப்படுத்தின முகமாக இருப்பது நல்லது என்று சொல்லி, தாடிப் படத்தை எடுத்துவிட்டு என் புதிய முகத்தைப் போட்டாள். நான் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சரியை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வசந்தி முதுகுக்கு எண்ணெய் பூசிவிட்டபடி, "வடிவாத்தான் கிடக்கு" என்றாள். சரியைச் சொன்னாள், நாடியை அல்ல. அன்று மத்தியானம் நான் பயமில்லாமல் நித்திரை கொண்டேன்.

எழும்பியபோது நசீர் நானாவின் அழைப்பு.

"தம்பி, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க!" குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "அந்தக் கள்ளனக் கண்டுபிடிச்சிட்டம். காசு குடுத்து நீல டிக்கும் வாங்கி வெச்சிருக்கான், கழுதை. மொகத்தப் பார்த்தாலே தெரியுது களவாணி எண்டு. எங்கட சங்கத்து ஆக்கள் எல்லாருக்கும் சொல்லிட்டன். காலையில இருந்து எல்லாருமாச் சேர்ந்து றிப்போர்ட் அடிச்சிட்டு இருக்கிறம்!"

"நானா..."

"நன்றியெல்லாம் வேணாம் தம்பி. ஒங்கட தாடிப் பக்கத்த மட்டும் பத்திரமாப் பார்த்துக்கொள்ளுங்க."

தாடிப் பக்கம் இப்போது ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது கள்ளனுடையது.

என் பக்கத்தைத் திறந்தேன். 'கள்ளன்', 'சீலன் அண்ணையின்ர பேரைக் கெடுக்காதை', 'தாடி வைச்சவன்தான் ஒறிஜினல்', 'நீல டிக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள் மக்களே'. நான் எழுதிய மறுமொழிகளுக்குக் கீழே சிரிப்புப் படங்கள். ஒருவர், 'உன்ர வயசென்ன, இந்த வயசில இப்பிடிக் களவு செய்யலாமோ?' என்று கேட்டிருந்தார். (அதை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன்.) அங்கே கள்ளப் பக்கத்தில் மற்றவன் இஞ்சினுக்குள் சீனி போடச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குக் கீழே ஒருவர் 'நன்றி அண்ணை, நாளைக்குச் செய்து பார்க்கிறன்' என்று எழுதியிருந்தார்.

நாளைக்கு என்று கண்டதும் இருந்த இடத்தை விட்டு எழுந்துவிட்டேன். தர்சினிக்கு எடுத்தேன்.

"லைவ் போடுங்கோ அப்பா. நேரடியாக் கதைச்சால் நம்புவினம்."

நேரடியாகக் கதைப்பதா? கொட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, "வணக்கம், நான்தான் சீலன்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. ஆட்கள் வந்து குவிந்தார்கள், ஏசுவதற்கென்றே. 'அண்ணையைப் போலக் குரலும் மாத்துறான்' என்றார் ஒருவர். கையை என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் கிடந்த பிளக் ஒன்றை எடுத்தேன். கைக்கு எட்டிய துணியால் அதைத் துடைக்கத் தொடங்கினேன்.

"இஞ்சருங்கோ!"

அடுப்படியில், குசினி யன்னலுக்குள்ளால் வந்தது அந்தக் குரல். கொட்டில் தகரம் ஒருதரம் அதிர்ந்தது.

"அதைத் தொட வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்? அது என்ர நைற்றி! உலகம் முழுக்கப் பார்க்க என்ர நைற்றியால கறுப்பெண்ணெய் துடைக்கிறியள்! உங்களுக்குத் துடைக்கத் துணி வெட்டி வைச்ச பெட்டி என்ன, காலுக்குள்ள கிடக்கிறது கண் தெரியேல்லையோ?"

திரையில் ஓடிக்கொண்டிருந்த ஏச்சு நின்றது.  பிறகு ஒரே ஒரு சொல் வந்தது.

'அக்கா!'

அதற்குப் பின்னால் அலை அலையாக வந்தது. 'அக்காதான்!' 'இது அக்கான்ர குரல்!' 'அக்கா ஏசுறா, அப்ப இது அண்ணைதான்.' 'அண்ணை, தாடிக்கு என்ன நடந்தது?'

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தர்சினிதான் சொன்னாள். நான் போட்ட வீடியோ ஒவ்வொன்றிலும் எங்கேயாவது ஒரு இடத்தில் வசந்தி குசினியில் இருந்து என்னை ஏசுகிற சத்தம் இருக்குமாம். வேலை மும்முரத்தில் எனக்கு அது கேட்பதே இல்லை. (கலியாணமானவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.) தர்சினி ஒருமுறை அதை வெட்டிவிட்டுப் போட, 'அக்கா எங்கே, சுகமில்லையோ' என்று ஆட்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். கள்ளன் பாட்டைப் போட்டு என் குரலை மூடியபோது அவளுடைய குரலையும் மூடிவிட்டான். தாடியை எடுக்கலாம், படத்தை எடுக்கலாம். வசந்தியின் ஏச்சை யாரால் எடுக்க முடியும்?

லைவ் முடிய முன்னமே நசீர் நானா எடுத்துவிட்டார்.

"மன்னிச்சிருங்க தம்பி. ஒங்கட பொஞ்சாதிர வாய்க்கு டூப்ளிகேட் இல்ல. இப்பவே ஆள் மாத்தி அடிக்கிறம்."

எல்லோருமாக அடித்தார்கள். கள்ளப் பக்கம் சில நாளில் இல்லாமல் போனது. சீனி போட இருந்தவரைத் தேடிப்பிடித்து நானே போனில் கதைத்தேன். அவர் சீனியை ஏற்கெனவே தேத்தண்ணிக்குள் போட்டுக் குடித்துவிட்டிருந்தார்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் வசந்தி, எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் அல்ல.

"இனி இந்தப் பிரச்சினை வரவே கூடாது. நடவுங்கோ, புது ஐடென்டிக்குப் படம் எடுப்பம்" என்று அந்தக் கிழமையே என்னை நகரத்து ஸ்ரூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் மறுத்துப் பேசவில்லை. முதுகு இன்னும் நொந்துகொண்டிருந்தது. கிராம சேவகர் படிவத்தில் கையெழுத்து வைக்கும்போது என்னை ஏற இறங்கப் பார்த்து, "இதில தாடியைப் பற்றி ஒண்டும் எழுதத் தேவையில்லைத்தானே?" என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் அப்போதும் பொறி தட்டவில்லை.

புது அட்டை இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் வீட்டுக்கு வந்தபோது என் தாடி பழையபடி நெஞ்சைத் தொட்டிருந்தது. உறையைப் பிரித்த வசந்தி, அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. அட்டைக்குள் இருந்து குளவி கொட்டின அந்தப் பெடியன், மழுங்கின கன்னமும் இழுத்து ஒட்டின தலையுமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலுதட்டில் மை வழிந்த கறைகூட இன்னும் போகாமல் கொஞ்சம் தெரிந்தது.

இன்றைக்கும் நான் வங்கிக்கோ வேறு அலுவலகத்துக்கோ வெளிக்கிட்டால், வசந்தி குசினிக்குள் இருந்து கேட்பாள்: "இஞ்சருங்கோ, ஐடென்டியை எடுத்திட்டியளோ? ராசு கடை திறந்திட்டானோ?" தர்சினி விடுமுறைக்கு வந்தால் அவளும் சேர்ந்துகொள்வாள். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் தேத்தண்ணிக்கு முதல் அந்த அட்டைதான் வரும்.

நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் சுற்று என்றாலும், சலூன் வழியாகத்தான் போவேன். திறந்திருக்கிறதா என்று பார்த்து வைத்தால் மனதுக்கு ஒரு நிம்மதி.